வன்னியின் பிள்ளைகளைக் குளத்துக்கும் காட்டுக்கும் அழைத்துச் செல்லப்போகும் ஆசிரியர் யார்?

வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை ஆரம்பமானதும் வன்னியிலிருந்து இரண்டு வகையான செய்திகள் எமது மேசைக்கு வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. ஒன்று, குளங்களின் நீர்மட்டம் எத்தனை அடி உயர்ந்தது, எந்தக் குளம் வான் பாய்கின்றது என்பது பற்றியது. மற்றையது, அக்குளங்களிலும் வெள்ளம் மேவிய பாலங்களிலும் மழைநீர் நிரம்பிய கிரவல் குழிகளிலும் பறிபோன உயிர்களைப் பற்றியது. முன்னையது முதற்பக்கத்திலும் பின்னையது உட்பக்கத்தில் நான்கு வரிகளிலும் இடம்பெறுகின்றன. அவ்வாறு இடம் ஒதுக்குபவர்கள் பத்திரிகையாளராகிய நாமே என்பதால் இக்குறையில் எமக்கும் பங்குண்டு.

அண்மைய ஆண்டுகளை மாத்திரம் எடுத்து நோக்குவோம். 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். 2023 மார்ச் மாதத்தில் கல்முனைப் பகுதியிலிருந்து சுற்றுலா சென்ற இளைஞர்கள் நால்வர் வெல்லவாயவில் நீர்வீழ்ச்சியொன்றில் மூழ்கினர். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில், வெள்ளம் காரணமாக வீடு திரும்பிக் கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஓராண்டு கழித்து, 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இவை ஒவ்வொன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறானவை. பாலம் கட்டப்படாமை, எச்சரிக்கை சென்றடையாமை, நிருவாகத்தின் அசமந்தம் ஆகியன பற்றியெல்லாம் அவ்வப்போது எழுதப்பட்டுள்ளது. ஆனால் எழுதப்படாத ஒரு விடயம் உண்டு. ஓடும் நீரின் வேகத்தைப் பார்த்து ‘இதில் இறங்கலாகாது’ எனத் தீர்மானிப்பதற்கு எமது பிள்ளைகளுக்கும் அவர்களை அழைத்துச் செல்லும் பெரியவர்களுக்கும் யார், எப்போது, எங்கே கற்றுக் கொடுத்தார்கள் என்பதே அது.

இக்கேள்விக்குப் பாடசாலையில் பதில் சொல்ல வேண்டியவர் உடற்கல்வி ஆசிரியரே என நாம் கருதுகின்றோம். அவரை அதற்குத் தகுதியுடையவராக்கும் பட்டப்பின் கற்கையொன்று, அதுவும் தமிழ்மொழி மூலம், அதுவும் வன்னியை மையமாகக் கொண்டு ஏன் அவசியமென்பதை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இன்றைய நிலையைப் பார்ப்போம். ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ என்னும் பாடம் ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை கற்பிக்கப்படுகின்றது. க.பொ.த. சாதாரண தரத்தில் அது தெரிவுப் பாடங்களுள் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றது. பாடநூலில் கூடாரம் அடித்தலும் முடிச்சுப் போடுதலும் முதலுதவியும் படங்களோடு இடம்பெறலாம். பரீட்சையில் அவற்றுக்கு விடை எழுதிப் புள்ளி பெறவும் முடியும். ஆனால் ஒரு கயிற்றைக் கையில் பிடித்து முடிச்சுப் போட்டுப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்களே மனந்திறந்து சொல்லட்டும். ஆண்டின் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மைதானம் களைகட்டும். இல்லங்கள் அலங்கரிக்கப்படும், அணிநடை இடம்பெறும், பிரதம விருந்தினர் உரையாற்றுவார். அதன் பின்னர் வலய, மாகாண மட்டப் போட்டிகளுக்கான வீரர்கள் சிலர் மாத்திரம் மைதானத்தில் எஞ்சுவர். ஏனைய பிள்ளைகளின் உடற்கல்விப் பாடவேளை, பாடத்திட்டத்தை முடிக்க அவசரப்படும் கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்கு இரவல் கொடுக்கப்படுவது நாமறிந்த வழக்கம். எமது பள்ளிக் காலத்திலும் அப்படித்தான் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை சாக்கோட்டத்தில் விழுந்தெழும்பியதைத் தவிர உடற்கல்வியில் நாம் கற்றது எதுவென்று இன்று நினைவுபடுத்திப் பார்த்தால் கைக்கு எதுவும் அகப்படுவதில்லை.

போட்டியை மாத்திரம் அறிந்து, உடலைப் பற்றிய அறிவைப் புறந்தள்ளுவதால் ஏற்படும் ஆபத்து அற்பமானதல்ல. 2024 மார்ச் மாதத்தில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவனொருவன் உயிரிழந்த சம்பவம் கிழக்கிலங்கையை உலுக்கியது. அச்சம்பவத்தில் எவர்மீதும் குற்றம் சுமத்துவது எமது நோக்கமன்று. வெப்பம், நீர்ச்சத்து இழப்பு, ஓட்டத்துக்கு முந்திய மருத்துவப் பரிசோதனை, வழித்தடத்தில் முதலுதவி ஆகியவற்றை எங்ஙனம் திட்டமிடுவது என்பதை முறையாகக் கற்ற ஒருவர் ஒவ்வொரு பாடசாலையிலும் இருத்தல் வேண்டும் என்பதையே அது உணர்த்தியது.

‘சாகசம்’ என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர்க்கு உல்லாசப் பயணிகளும், மலையிலிருந்து கயிற்றில் தொங்கும் வெள்ளைக்காரர்களும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் வெளிக்களக் கல்வி என இன்று உலகில் வழங்கப்படும் துறை அத்தகைய உல்லாசத்திலிருந்து பிறந்ததன்று. இரண்டாம் உலக யுத்தத்தின் போது ஜேர்மனிய நீர்மூழ்கிகளால் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்ட வேளைகளில், வயது முதிர்ந்த மாலுமிகள் உயிர் தப்ப, உடல் வலு மிக்க இளம் மாலுமிகள் நம்பிக்கையிழந்து மடிகின்றார்கள் எனக் கப்பல் கம்பனி உரிமையாளரொருவர் கவலை கொண்டார். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி பிரித்தானியாவுக்கு வந்திருந்த கல்வியியலாளர் கூர்ட் ஹான் என்பவருடன் இணைந்து 1941 இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி கரையோரத்தில் அவர் ஆரம்பித்த பயிற்சிப் பாடசாலையே பின்னர் உலகெங்கும் ‘அவுட்வேர்ட் பவுண்ட்’ என்னும் பெயரில் பரவியது. ஆகவே இக்கல்வியின் மூல நோக்கம் உயிர் பிழைத்தலும் பிறரைப் பிழைக்க வைத்தலுமே ஆகும்.

இன்று நியூசிலாந்தை எடுத்துக்கொண்டால், 1999 ஆம் ஆண்டின் சுகாதார, உடற்கல்விப் பாடத்திட்டம் வெளிக்களக் கல்வியை அதன் ஏழு பிரதான கற்றற் பகுதிகளுள் ஒன்றாக வைத்தது. நோர்வேயில் ‘திறந்தவெளி வாழ்வு’ எனப் பொருள்படும் மரபு, பாடசாலைக் கல்வியுடனும் ஆசிரியர் கல்வியுடனும் ஒன்றிணைந்துள்ளது. அங்கு வாழும் எமது உறவினரின் பிள்ளைகள் காட்டில் தீ மூட்டவும் பனியில் வழி கண்டறியவும் பாடசாலையிலேயே பழகிக் கொள்கின்றனர். விடுமுறையில் ஊருக்கு வரும் அப்பிள்ளைகள் குளத்தில் பயமின்றி நீந்துவதையும், அக்குளத்தின் அலைகரையிலேயே பிறந்து வளர்ந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் கரையில் நின்று பார்த்திருப்பதையும் கண்டவர்கள் எம்மிடையே உள்ளனர். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வெளிக்களக் கல்வி முதுமாணிக் கற்கையாகவே நீண்டகாலம் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது.

பட்டப்பின் மட்டத்தில் இதில் கற்பதற்கு என்ன இருக்கின்றது என வினவுவோர் உளர். மலையேறவும் நீந்தவும் தெரிந்தால் போதாதா என்பது அவர்களது வாதம். போதாது என்பதற்கு இரண்டு துயரச் சம்பவங்களே சான்று. 1993 மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் லைம் குடாவில் சிறு துடுப்புப் படகுகளில் அழைத்துச் செல்லப்பட்ட மாணவர்கள் நால்வர் கடலில் மாண்டனர். அழைத்துச் சென்றோருக்கு அதற்குரிய தகைமை இருக்கவில்லை. நிலையத்தை நடத்திய கம்பனியின் பணிப்பாளர் சிறை சென்றார். 1995 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இத்தகைய நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமெனச் சட்டம் இயற்றியது. 2008 ஏப்ரல் 15 ஆம் திகதி, வெளிக்களக் கல்வியில் முன்னோடி எனப் புகழப்பட்ட நியூசிலாந்திலேயே, மங்காடெபோபோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடும் மழையினால் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஆறு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொண்டு சென்றது. அந்த ஆற்றுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே ஆயிரக்கணக்கான மைல்கள் இருப்பினும் இரண்டு இடங்களிலும் வானமும் நீரும் கொடுத்த எச்சரிக்கை ஒன்றே.

இத்தகைய பட்டப்பின் கற்கையில் முதலிடம் பெறுவது தீர்மானமெடுக்கும் ஆற்றல்தான். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள் வேண்டும், எப்போது பயணத்தைக் கைவிட்டுத் திரும்புவது, பயந்த பிள்ளையை வற்புறுத்தாமல் எவ்வாறு பங்குபெறச் செய்வது, அங்கவீனமுற்ற பிள்ளையை எவ்வாறு சேர்த்துக்கொள்வது, நடந்தவற்றைப் பின்னர் வகுப்பறையில் எங்ஙனம் பாடமாக்குவது, சட்டப் பொறுப்பு யாருடையது என்பனவெல்லாம் அதில் அடங்கும். கயிறும் படகும் அதன் பின்னரே வருவன.

ஆசிய மண்ணுக்கு இது அந்நியமென்றும் கூறமுடியாது. 1920 இல் ஹரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஆரம்பித்த வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவதாகும். இலங்கையிலிருந்தும் பலர் கடல் கடந்து சென்று அங்கு பயின்று திரும்பினர். எவரெஸ்ட் சிகரம் எட்டப்பட்டதற்கு மறு ஆண்டு, 1954 இல், டார்ஜிலிங்கில் மலையேறுதற் கல்விக்கென நிறுவனமொன்று அமைக்கப்பட்டு டென்சிங் நோர்கே அதன் களப் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். எமது நாட்டிலும் 1912 இல் மாத்தளையில் தொடங்கிய சாரணியம் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பாக்கு நீரிணையை 1954 இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமியையும், 1971 இல் அதே நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனையும் நாம் மேடைகளில் போற்றுகின்றோம். அவர்கள் பிறந்த சமூகத்தின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இடுப்பளவு நீரில் மிதக்கவும் தெரியாது என்பதை அம்மேடைகளில் எவரும் கூறுவதில்லை.

இனி விசுவமடுவுக்கு வருவோம். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், கிளிநொச்சி மாவட்டத்தின் எல்லையைக் கடந்து முல்லைத்தீவு மாவட்டத்துள் நுழையும் பயணி முதலில் காணும் பெரிய ஊர் அது. அதனை நாம் இங்கு தெரிந்தெடுப்பதற்குக் காரணமுண்டு. கற்றவர்கள் காட்டுக்குள் இறங்கி உருவாக்கிய ஊர்களுள் அதுவும் ஒன்று. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ‘படித்த வாலிபர் திட்டம்’ என்னும் பெயரில், பரீட்சைச் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்காகக் காத்திருந்த இளைஞர்களுக்கு விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காணிகள் வழங்கப்பட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற வாலிபர்கள் பாலையும் வீரையும் முதிரையும் நின்ற காட்டை வெட்டி, நீர் இறைத்து, மிளகாயும் வெங்காயமும் செய்தனர். இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1970களில் வன்னி மிளகாய் நாடு முழுவதும் விலைபோனது. யானையின் தடத்தை இனங்காணவும், பாம்பு கடித்தவனைச் சுமந்து செல்லவும், காட்டில் திசை தவறாமல் திரும்பி வரவும் அவ்வாலிபர்கள் கற்றுக்கொண்டது எந்தப் பல்கலைக்கழகத்திலும் அல்ல. ஆனால் அந்த அறிவு அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரவில்லை. இடையில் யுத்தம் குறுக்கிட்டது.

யுத்தம் வன்னியில் அழித்தவற்றின் பட்டியல் மிக நீண்டது. வெளியே செல்லும் பிள்ளையின் சுதந்திரமும், அப்பிள்ளையை அனுப்பும் பெற்றோரின் நம்பிக்கையும் அப்பட்டியலில் உள்ளன என்பது பேசப்படுவதில்லை. விசுவமடுவிலிருந்து அதே வீதியில் சற்றுக் கிழக்கே சென்றால் வள்ளிபுனம். 2006 ஆகஸ்ட் 14 ஆம் திகதி காலையில் அங்கு செஞ்சோலை வளாகத்தின்மீது விமானப்படையினர் நடத்திய குண்டுவீச்சில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளிலிருந்து வதிவிடப் பயிற்சிநெறியொன்றுக்காக வந்திருந்த உயர்தர மாணவியரே அவர்கள் என யுனிசெவ் நிறுவனம் அறிவித்தது. அது புலிகளின் பயிற்சி முகாம் என அரசாங்கம் கூறியது. முதலுதவியும் தலைமைத்துவமும் கற்க வீட்டைவிட்டுச் சென்ற மகள் திரும்பி வரவில்லை என்பதே அந்தத் தாய்மாருக்கு எஞ்சியது. அதேவேளை, பாடசாலைப் பிள்ளைகளுக்கான உடற்பயிற்சிக்கும் ஆயுதப் பயிற்சிக்கும் இடையிலான கோடு அக்காலத்தில் அழிக்கப்பட்டிருந்ததையும், வீட்டுக்கு ஒருவர் எனப் பலவந்தமாக ஆட்சேர்ப்பு இடம்பெற்று, பதின்ம வயதுப் பிள்ளைகள் கொண்டு செல்லப்பட்டதையும், பெற்றோர் பிள்ளைகளைக் குழி தோண்டி மறைத்து வைத்ததையும் நாம் மறைக்க முடியாது. எந்தத் தரப்பினரானாலும், ‘பயிற்சி’ என்ற சொல்லைக் கேட்டதும் வன்னித் தாயொருத்தியின் நெஞ்சு துணுக்குறுவதற்கு இவை போதுமான காரணங்களாகும்.

2009 ஜனவரியில் விசுவமடு இராணுவத்தின் வசமானது. யுத்தம் முடிந்த பின்னரும் நிலைமை முற்றாக மாறவில்லை. 2011 மே மாதத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்கள் ‘தலைமைத்துவப் பயிற்சி’ என்ற பெயரில் இராணுவ முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகள்கூட சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். விசுவமடுப் பகுதியில் அத்திணைக்களத்தின் பண்ணைகளில் முன்னாள் போராளிகள் உட்படப் பெருந்தொகையானோர் தொழில் பெற்றதும், 2018 ஜூன் மாதத்தில் அங்கிருந்து இடமாற்றம் பெற்ற படை அதிகாரியொருவரை மக்கள் கண்ணீருடன் வழியனுப்பியதும் செய்தியாயின. பசித்த வயிற்றுக்குச் சோறு கொடுத்த ஒருவருக்கு மக்கள் நன்றி காட்டியதை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் ஊரில் வேலை தருபவரும், பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவரும், முகாமுக்கு அழைத்துச் செல்பவரும் ஒரே சீருடையில் வருவது இயல்பான நிலையன்று.

இதனாலேயே இக்கற்கை முற்றுமுழுதாகச் சிவில் தன்மை வாய்ந்ததாக அமைதல் வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். சாகசப் பயிற்சி என்றதும் படைமுகாமின் தடைதாண்டற் களத்தை இரவல் கேட்பது நிருவாகிகளுக்கு இலகுவான வழி. அவ்வழி வன்னியில் செல்லாது. பிள்ளையை அழைத்துச் செல்பவர் அப்பிள்ளையின் வகுப்பாசிரியராக, ஊரறிந்தவராக, பல்கலைக்கழகமும் வலயக் கல்விப் பணிமனையும் பொறுப்பேற்றவராக இருத்தல் அவசியம்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிதிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் மாதத்துக்குள் மிதிவெடிகள் முற்றாக அகற்றப்படல் வேண்டும். அதுவரையில் வன்னியில் எந்த ஆசிரியரும் பிள்ளைகளுடன் காட்டுப்பாதையில் காலடி வைக்குமுன் அந்நிலம் விடுவிக்கப்பட்டதா என்பதை வரைபடத்தில் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னரும் வெடிக்காத எறிகணைகள் பற்றிய எச்சரிக்கை தேவைப்படும். எடின்பரோவிலிருந்தோ டனீடினிலிருந்தோ பாடத்திட்டத்தை அப்படியே பிரதி பண்ணமுடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். கண்ணிவெடி அகற்றும் பணியில் வன்னிப் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டு வந்துள்ளனர். அளந்து கோடு போட்ட ஒழுங்கையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, ஒவ்வொரு நாளும் ஆபத்தைக் கணித்து, முதலுதவி வசதிகளுடன் தொழில் செய்தவர்கள் அவர்கள். அப்பணி நிறைவடையும்போது வேலையிழக்கப்போகும் இவர்களைப் போன்ற தகுதிவாய்ந்த கள உதவியாளர்கள் வேறெங்கு கிடைப்பார்கள்?

மறுபுறத்தில் வனப் பரிபாலனத் திணைக்களத்தினதும் வனஜீவராசிகள் திணைக்களத்தினதும் எல்லைக் கற்கள் மக்களின் காணிகளுக்குள் வந்துவிட்டன என்ற முறைப்பாடு வன்னியெங்கும் உள்ளது. 2015 இல் சுண்டிக்குளம் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அப்பூங்காவின் நீர்ப்பறவைகளை விசுவமடுப் பிள்ளைகள் ஆசிரியருடன் சென்று பார்த்து வருவார்களாயின், காட்டைத் தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றாக மாத்திரம் அவர்கள் காணமாட்டார்கள் என்பது எமது எதிர்பார்ப்பு. காணிப் பிணக்குகள் தீர்க்கப்படாமல் இவ்வெதிர்பார்ப்பு நிறைவேறுமா என்பதில் எமக்கும் ஐயமுண்டு.

முஸ்லிம் வாசகர்களுக்கும் இவ்விடயத்தில் நேரடித் தொடர்புண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்து, யுத்தத்தின் பின் ஒரு பகுதியினரே மீளக்குடியமர்ந்தனர். புத்தளத்தில் பிறந்த அவர்களது பிள்ளைகளுக்குத் தந்தையர் நீந்திய குளத்தின் பெயர் மாத்திரமே தெரியும். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே குளக்கரையில் ஒரே கயிற்றைப் பிடித்துப் பழகும் வாய்ப்பை இப்பாடம் ஏற்படுத்தித் தரும். இதற்கு நல்லிணக்கம் என்று பெயர்சூட்டி, பதாகை கட்டிப் புகைப்படம் எடுப்பதைத் தயவுசெய்து தவிர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறான ஒருநாள் நிகழ்ச்சிகளை இரு சமூகத்தினரும் போதியளவு கண்டுவிட்டனர்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் இரு சமூகங்களின் பெற்றோருக்கும் உள்ள தயக்கம் நியாயமானதே. தயக்கத்தைக் கண்டிப்பதைவிட அதற்கு ஏற்பாடு செய்வதே அறிவுடைமை. பெண் ஆசிரியைகள் போதியளவில் பயிற்றப்படல் வேண்டும். மாணவியருக்குத் தனியான நேரமும் உடை மாற்றும் மறைவிடமும் உடலை மூடும் நீச்சல் உடையும் வேண்டும். தொழுகை நேரமும் நோன்புக் காலமும் நாட்காட்டியில் முன்கூட்டியே குறிக்கப்படல் வேண்டும். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமே 2014 இல் தலையை மறைக்கும் உடைக்கு அனுமதி வழங்கியபின் எமது வலயப் பணிமனைகளில் இதற்கு இடையூறு இருக்க நியாயமில்லை. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பிக்கும்படி கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பணித்ததாகப் பரவலாக எடுத்துக்கூறப்படுவதை ஆலிம்கள் பெற்றோருக்கு நினைவூட்டினால், எமது கட்டுரையைவிட அது பயன் தரும்.

கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியரில்லாத வன்னிப் பாடசாலைகளுக்கு இது தேவைதானா எனச் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானது. கூரை ஒழுகும் வகுப்பறையையும் பூட்டிய மலசலகூடத்தையும் வைத்துக்கொண்டு சாகசம் பேசுவது எமக்கே சற்றுக் கூச்சமாகத்தான் உள்ளது. ஆயினும் இக்கற்கைக்குப் புதிய கட்டடமோ நீச்சற் தடாகமோ வேண்டியதில்லை. குளங்கள் ஏற்கெனவே உள்ளன. மிதவை அங்கிகள், கயிறுகள், சில சிறு படகுகள், முதலுதவிப் பெட்டிகள், காப்புறுதி, பயணச் செலவு ஆகியன போதும். குளத்தின் துருசுக்கு அருகே சுழி எங்கே இருக்கும், முதலை எப்பக்கம் ஏறும், தாமரைக்கொடி எங்கே காலைச் சுற்றும் என்பதை நன்னீர் மீன்பிடியாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களையும் பல்கலைக்கழகம் வருகைதரு பயிற்றுநர்களாக ஏற்று, அதற்குரிய கொடுப்பனவையும் வழங்குதல் வேண்டும்.

இதனை எங்கே நடத்துவது என்பதற்கும் விடை தூரத்தில் இல்லை. பம்பைமடுவில் அமைந்துள்ள வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 ஆம் திகதி முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. தமிழ்மொழி மூலம் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை நடத்திய அனுபவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் திறந்த பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. விளையாட்டு விஞ்ஞானத்திலும் உடற்கல்வியிலும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. இவை ஒன்றுசேர்ந்து, சேவையிலுள்ள பட்டதாரி ஆசிரியர்களுக்கும், வவுனியா, அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரிகளில் பயிற்சிபெற்றுப் பின் பட்டம் பெற்றவர்களுக்கும், வார இறுதி நாட்களில் வகுப்பும் விடுமுறையில் களப்பயிற்சியும் கொண்ட ஈராண்டு டிப்ளோமாவொன்றை வடிவமைக்கலாம். 2020 ஆம் ஆண்டு முதல் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகச் சேர்க்கப்பட்டுப் பாடசாலைகளில் வரவேட்டில் ஒப்பமிட்டுக் கொண்டிருக்கும் பட்டதாரிகளுள் விருப்பமும் உடற்தகுதியும் உடையோரையும் உள்வாங்கலாம். கலைப் பட்டதாரிகள் இதற்கு ஏற்றவர்களல்லர் என எண்ணிவிடலாகாது. புவியியல் கற்றவருக்கு வரைபடமும் வரலாறு கற்றவருக்கு ஊரும் தெரியும். எம்மைப் போன்ற கலைப் பட்டதாரிகள் பத்திரிகை மேசையில் அமர்ந்து வயிறு வளர்த்ததைவிட அது மேலானதாக இருந்திருக்கும்.

கல்வி மறுசீரமைப்பு 2026 ஆம் ஆண்டிலிருந்து கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருமெனக் கூறப்பட்டு, பாடத்திட்டங்கள் மீள எழுதப்படும் வேளை இது. உடற்கல்விப் பாடத்தில் நீர்ப் பாதுகாப்பும் நீச்சலும் செய்முறையாக இடம்பெற வேண்டுமென வடக்கு, கிழக்கு மாகாணக் கல்வி அமைச்சுகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும் இப்போதே கோராவிடின் அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். ஆசிரியர் வருமுன் பாடம் வந்துவிட்டால் அதுவும் பாடநூலில் படமாகவே நின்றுவிடும்.

முதலாவது களப்பயிற்சியை விசுவமடுவைச் சூழவுள்ள சிறு குளங்களிலொன்றில் ஆகஸ்ட் விடுமுறையில் நடத்தலாம். டிசெம்பர் விடுமுறை மழைக்காலம், ஆதலால் உகந்ததன்று. ஆகஸ்டில் நீர் வற்றி, கரையோரம் ஆழங்குறைந்து, புதிதாக நீந்தப் பழகுவோருக்கு வாய்ப்பாக இருக்கும். ஒக்டோபர் மழைக்கு முன்னர் ஆசிரியர்கள் தத்தம் பாடசாலைகளுக்குத் திரும்பிவிடலாம். திகதியைத் தீர்மானிப்போர் ஆகஸ்ட் 14 ஆம் திகதியை அண்டிய நாட்களைத் தவிர்த்துக்கொள்வார்களாக.